பதினெட்டு வயதில் வாசலை அடைக்கலாமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

யத்தீம்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிலர் சட்டைப்பைக்குள் கையை விடுவது தெரிகிறது. பொறுங்கள். இன்றைக்கு உங்களிடம் வசூல் கேட்க நான் வரவில்லை. யத்தீமுக்குக் கொடுப்பதில் நம் சமுதாயம் கஞ்சத்தனம் செய்வதில்லை. ரமளான் வந்தால் யத்தீம்கானாக்களுக்கு அரிசி மூட்டை போகிறது. பெருநாளுக்குப் புதுத்துணி போகிறது. பக்ரீதுக்குக் கறி போகிறது. வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு போகிறது. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக.

நான் கேட்க வந்தது வேறு ஒரு கேள்வி. நீங்கள் சாப்பாடு போட்ட அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவன் எங்கே போகிறான்?

இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? ஆறு வயதில் வந்தவனுக்குப் பன்னிரண்டு வருடம் சோறு போட்டோம். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு மூட்டை அரிசிக்கும் ரசீது இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் இப்போது எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ் படுத்திருக்கிறான் என்பதற்கு ஏதாவது பதிவேடு இருக்கிறதா?

வெளியே வந்தவனுக்கு என்ன நடக்கிறது?

ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் மணி அடித்தால் எழுந்தான், மணி அடித்தால் சாப்பிட்டான், மணி அடித்தால் படுத்தான். தட்டை நீட்டினால் சோறு விழுந்தது. அரிசி கிலோ என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது. கரண்ட் பில் எங்கே கட்டுவது என்று தெரியாது. நூறு ரூபாயை மூன்று நாளைக்கு வைத்துச் செலவு செய்து பழக்கமில்லை. காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போய் எந்தச் சீட்டு வாங்குவது என்று தெரியாது. எல்லாவற்றையும் யாரோ ஒருவர் அவனுக்காகச் செய்து வைத்திருந்தார்.

பதினெட்டு வயதில் அவன் கையில் ஒரு பையைக் கொடுத்து, சலாம் சொல்லி அனுப்புகிறோம். ஒரே இரவில் அவன் பெரிய மனிதன் ஆகிவிட வேண்டும்!

வாடகைக்கு ஒரு அறை தேடிப் போகிறான். "கல்யாணம் ஆகாத பையனுக்கு வீடு இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். வேறு தெருவுக்குப் போனால் பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். நம் தெருவுக்கே வந்தால், "யார் வீட்டுப் பிள்ளை? அத்தா பேர் என்ன? யார் ஜாமீன்?" என்று நாமே கேட்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இல்லை. ஆதார் அட்டையில் அநாதை இல்லத்தின் முகவரி இருக்கிறது. அந்த முகவரியைப் பார்த்ததுமே கேட்பவரின் முகம் மாறுகிறது.

கடைசியில் என்ன ஆகிறது? ஏதாவது ஒரு கடையில் வேலைக்குச் சேருகிறான். "கடையிலேயே படுத்துக்கொள்" என்கிறார் முதலாளி. இரவில் பரண் மேலே, சரக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறான். காலையில் ஷட்டர் தூக்குபவனும் அவன்தான், இரவில் இறக்குபவனும் அவன்தான். சம்பளத்தை முதலாளியே "சேர்த்து" வைத்திருக்கிறார். ஒருநாள் வார்த்தை தடித்துவிட்டால் வேலையும் போகிறது, படுக்கும் இடமும் போகிறது, சேர்த்து வைத்த சம்பளமும் இழுபறியாகிறது. அன்று இரவு அவன் எங்கே போவான்? பஸ் நிலையத்துக்குப் போவான். அங்கே அவனை வரவேற்க ஆள் இருக்கிறது. கஞ்சா விற்பவன் இருக்கிறான். வெளிநாட்டு வேலை என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஏமாற்றும் ஏஜெண்ட் இருக்கிறான். சந்தேகக் கேஸ் தேடும் போலீஸ்காரர் இருக்கிறார். நாம் மட்டும்தான் அங்கே இல்லை.

நமது வீட்டுப் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் அவனை வெளியே அனுப்பிவிடுகிறோமா? காலேஜ் படிக்க வைக்கிறோம். வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுகிறோம். ஒரு தொழிலில் தோற்றால் இன்னொரு தொழிலுக்கு முதல் கொடுக்கிறோம். இருபத்தைந்து வயதில் கல்யாணம் செய்து வைத்து, அப்போதும் மாடியில் ஒரு அறை கட்டிக் கொடுக்கிறோம். தாய் தகப்பன் இருப்பவனுக்கு இருபத்தைந்து வரை தயவு. யாருமே இல்லாதவனுக்குப் பதினெட்டிலேயே கெடு! இது எந்த ஊர் நியாயம்?

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் சிலர் ஒரு ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "பருவம் அடைந்த பின் யத்தீம் என்ற நிலை இல்லை என்று நபிமொழி இருக்கிறதே ஹஜ்ரத்!" என்பார்கள். இருக்கிறது. அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. யத்தீம் என்ற பெயர் எதுவரை செல்லும் என்பதை அது சொல்கிறது. பெயர் நீங்கியதும் பொறுப்பும் நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் எடுப்பது சரிதானா?

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் ஆறாவது வசனத்தைப் பாருங்கள். யத்தீமின் சொத்தை அவனிடம் எப்போது ஒப்படைப்பது என்று அல்லாஹ் அங்கே சட்டம் சொல்கிறான். அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, திருமண வயதை அடைவது. இரண்டாவது, அவனிடம் 'ருஷ்து' இருப்பதைப் பொறுப்பாளர் காண்பது. ருஷ்து என்றால் என்ன? தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பக்குவம். பணத்தை வீணாக்காமல் கையாளும் தெளிவு. வயது தானாக வந்துவிடும். ருஷ்து தானாக வராது. அதனால்தான் அந்த வசனத்தின் தொடக்கத்திலேயே, அவர்களைச் சோதித்துப் பழக்கி வாருங்கள் என்ற கட்டளை வருகிறது.

எப்படிச் சோதிப்பது? நம் இமாம்கள் அதையும் விட்டு வைக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதிய ஆலிம்களுக்குத் தெரியும். வியாபாரியின் பிள்ளையை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் பிள்ளையை விவசாயத்திலும் கூலியாட்களுக்குச் செலவழிப்பதிலும் சோதிக்க வேண்டும். அதாவது கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, வேலையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாசலில் நிறுத்தி, "உனக்கு வயதாகிவிட்டது, போய் வா" என்று சொல்வதற்குப் பெயர் சோதனை இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பருவம் அடைந்தும் ருஷ்து வராதவனின் சொத்தை எதுவரை பொறுப்பாளர் வைத்திருப்பது? இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் இருபத்தைந்து வயதை எல்லையாகச் சொன்னார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், அபூஹனீபா இமாமின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகியோரும், ருஷ்து வரும்வரை என்றார்கள். ஹனஃபியாக இருந்தாலும் ஷாஃபிஈயாக இருந்தாலும், பருவம் வந்த நாளோடு பொறுப்பாளர் கை கழுவிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. பேசப்படுவது சொத்தைப் பற்றித்தானே என்று கேட்கலாம். காசு பணத்துக்கே இவ்வளவு நிதானம் என்றால், அந்தக் காசுக்குச் சொந்தக்காரனான மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்?

கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் சுவரை நினைத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்களும் கிள்று (அலை) அவர்களும் பசியோடு ஓர் ஊருக்குள் போனார்கள். அந்த ஊர் ஒரு வாய் உணவு தர மறுத்துவிட்டது. அதே ஊரில் இடிந்து விழ இருந்த ஒரு சுவரைக் கிள்று (அலை) கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்தார்கள். ஏன்? அதன் கீழே இரண்டு யத்தீம் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் தங்கள் முழு வலிமையை அடைந்து, தாங்களே அதை எடுத்துக்கொள்ளும் காலம்வரை அந்தச் சுவர் நிற்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் நாட்டம் (18:82). கையை ஊன்றி எழுந்திருக்கும்வரை ஒரு சுவர் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மதீனாவின் திண்ணை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது வீடு வாசல் இல்லாத தோழர்கள் இருந்தார்கள். பள்ளிவாசலை ஒட்டி அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அதுதான் ஸுஃப்பா. குடும்பமும் பொருளும் இல்லாதவர்கள் அங்கே தங்கினார்கள். அவர்களுக்கு உணவு எப்படி வந்தது? இரண்டு பேருக்கு உணவு இருப்பவர் மூன்றாவது ஆளாக ஒருவரை அழைத்துப் போகட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஊரார் மேல் பொறுப்பைப் பங்கிட்டார்கள். புகாரியில் இருக்கிறது. அங்கே இருந்தவர்களில் ஒருவர்தான் அபூஹுரைரா (ரலி). பசியால் சுருண்டு கிடந்த அவரிடமிருந்து ஹதீஸ் கலை பிறந்தது. உமர் (ரலி) காலத்தில் அவர் பஹ்ரைனுக்கு ஆளுநராகவும் போனார். திண்ணையில் இருந்தவர்கள் திண்ணையிலேயே முடிந்துவிடவில்லை. அது ஒரு படிக்கட்டாக இருந்தது.

வணிகர்களுக்கு இன்னொரு செய்தி. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை மதீனாவாசியான ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள் நபியவர்கள். ஸஅத், தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். அப்துர் ரஹ்மான் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூகைனுகா கடைவீதிக்குப் போய் நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றார். கொஞ்ச நாளில் தம் காலில் நின்று திருமணமும் செய்துகொண்டார்.

இந்தச் சம்பவத்தை நாம் மேடைகளில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். கடைவீதியை நோக்கி நடந்தவருக்கு இரவில் திரும்பி வர ஒரு வீடு இருந்தது! ஒரு சகோதரர் இருந்தார். நம் பையன்களுக்குக் கடைவீதியை மட்டும் காட்டுகிறோம். வீட்டைக் காட்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 46வது பிரிவு, பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குச் சமூகத்தோடு கலந்து வாழ நிதி உதவி வழங்கலாம் என்கிறது. 'பிற்காப்பு' என்று இதற்குப் பெயர். பொதுவாக இருபத்தொரு வயதுவரை. விசேஷ நிலைமைகளில் இருபத்துமூன்று வரை நீட்டிக்க 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இடம் தருகின்றன.

அந்த விதிகளில் 25வது விதியைத் தேடிப் படியுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, வேலைக்கு ஏற்பாடு, தொடர்ந்து தொடர்பில் இருக்கும் ஓர் ஆலோசகர், சொந்தத் தொழில் தொடங்கக் கடனுக்கு ஏற்பாடு என்று பட்டியலே இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டு நெறிகளில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் பையன் ஏன் பரண் மேல் படுத்திருக்கிறான்? முதல் காரணம், சட்டத்தில் இருக்கும் ஒரு சிறு சொல். 'வழங்க வேண்டும்' என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 'வழங்கலாம்' என்கிறது. இந்த 'லாம்' இருக்கும்வரை கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். கேட்க ஆளில்லாதவனுக்குக் கிடைக்காது. யாருமற்றவனுக்காகப் போடப்பட்ட சட்டத்தைப் பெறுவதற்கே ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது!

இரண்டாவது காரணம் நம் பக்கம் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் இந்தச் சட்டத்தின் 41வது பிரிவின்படி பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தக் குழந்தை கொண்டு செல்லப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாத பையனுக்காகப் பிற்காப்பு கேட்டு யார் எந்த வாசலில் நிற்க முடியும்? "அரசாங்கம் நம் இல்லங்களுக்குள் மூக்கை நுழைக்கிறது" என்று குறைப்படுவதோடு நின்றுவிடாமல், பதிவைச் சரிசெய்து, பையனின் உரிமையை அவன் கைக்குக் கொண்டு வாருங்கள். எங்கே அத்துமீறல் நடக்கிறதோ அங்கே சட்டப்படி எதிர்த்து நிற்போம். அதற்கும் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பிரான்ஸ் நாட்டில் வேலை தேடி ஊர்விட்டு ஊர் வரும் இளைஞர்களுக்காக 'ஃபுவாயே' என்ற விடுதிகள் இருக்கின்றன. அறையும் கிடைக்கும், வேலைக்கும் வழிகாட்டல் கிடைக்கும். அதைப் பார்த்து 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் தொடங்கினார்கள். வீடு இல்லாததால் வேலை கிடைக்கவில்லை, வேலை இல்லாததால் வீடு கிடைக்கவில்லை என்ற சுழலை ஒரே கூரையின் கீழ் உடைப்பது இதன் நோக்கம்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு தனிச் சட்டமே போட்டார்கள். அரசின் பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு இளைஞனுக்கும் எழுத்தில் ஒரு பாதைத் திட்டம், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தனி ஆலோசகர் என்று ஆக்கினார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த ஆலோசகரின் உதவி இருபத்தைந்து வயதுவரை நீண்டது. அபூஹனீபா இமாம் சொன்ன அதே இருபத்தைந்து!

அவர்களிடம் குறை இல்லையா? இருந்தது. பதினாறு, பதினேழு வயதினர் தங்கும் இந்த வகை வீடுகள் பலகாலம் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடந்தன. வாடகையை வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். தீயவர்கள் அந்தப் பிள்ளைகளைக் குறிவைத்தார்கள். 2023ஆம் ஆண்டில்தான் இவற்றுக்குப் பதிவும் ஆய்வும் கட்டாயமாகின. நமக்குப் பாடம் என்ன? வீடு மட்டும் இருந்தால் போதாது. கவனிக்கும் கண்ணும், கேள்வி கேட்கும் கையும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய கட்டிடம், அடிக்கல் நாட்டு விழா, பளிங்குக் கல்லில் பெயர் ஆகிய எதுவும் வேண்டாம். சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு போதும். ஆறு முதல் எட்டுப் பேர். இதற்கு நான் 'படிக்கட்டு வீடு' என்று பெயர் சொல்கிறேன். நீங்கள் வேறு பெயர் வையுங்கள். ஆனால் வாசலில் 'அநாதை' என்ற போர்டு மட்டும் தொங்கக் கூடாது.

கணக்குப் பார்ப்போம், வணிகர்கள் முன்னால் கணக்கில்லாமல் பேசக் கூடாது. ஒரு கடைவீதியில் இருபது கடைக்காரர்கள், தினம் ஐம்பது ரூபாய் ஒதுக்கினால் நாளைக்கு ஆயிரம், மாதம் முப்பதாயிரம். வீட்டு வாடகை பதினாறாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் பதினான்காயிரம் மிஞ்சும். கரண்ட், தண்ணீர், புதிதாக வந்தவனின் சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். ஐம்பது ரூபாய் என்பது நம் கடையில் வந்தவர் போனவருக்கு வாங்கும் டீச் செலவு.

ஜகாத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை அல்லாஹ்வே கூறிவிட்டான் (9:60). பையன் ஏழை என்றால் ஜகாத்தை அவன் கையிலேயே உடைமையாகக் கொடுங்கள். அவன் அதிலிருந்து தன் பங்கு வாடகையைக் கட்டட்டும். தொழில் கருவி வாங்கட்டும். கட்டிடம் வாங்கவும் அட்வான்ஸ் போடவும் ஸதக்காவையும் வக்ஃபையும் பயன்படுத்துங்கள். உங்கள் ஊர் ஆலிம்களிடம் ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வக்ஃப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது வீதிக்கு வந்து போராடினோம். நம் முன்னோர்களின் சொத்து, உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று முழங்கினோம். சரிதான். அதே வக்ஃப் கட்டிடத்தில் தாத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, அதை மூன்று மடங்குக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பவர் நம்மில் ஒருவர்கூட இல்லையா? நியாயமான வாடகை வந்தால், ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒரு படிக்கட்டு வீடு எழும்பும். கோஷம் போட்ட அதே வாயால் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டின் விதிகள்

முதலாவது: சாவி பையன் கையில் இருக்க வேண்டும். வாட்ச்மேன் பூட்டித் திறக்கும் இடத்துக்கு வீடு என்று பெயரில்லை. ஆளுக்கொரு பெட்டி, பூட்டு, படுக்கை.

இரண்டாவது: முதலாளி வேறு, வீட்டுப் பொறுப்பாளர் வேறு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேலை கொடுப்பவர் கையிலேயே கூரையும் இருந்தால் பையன் வாய் திறக்க மாட்டான். வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் இருக்கும்வரை அவன் அடிமைதான். சம்பளம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நம் கல்லாப்பெட்டியில் தங்கக் கூடாது.

மூன்றாவது: பங்கு கட்டட்டும். முதல் மூன்று மாதம் வேண்டாம். பிறகு கொஞ்சம், பிறகு முழுப் பங்கு. அப்படிக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை அவன் பெயரிலேயே சேர்த்து, இரண்டு வருடம் முடிந்து வெளியேறும் நாளில் கையில் கொடுங்கள். அவனுடைய சொந்த வாடகை அறைக்கு அதுவே அட்வான்ஸ் ஆகும்.

நான்காவது: சமையல் அவர்களுடையது. முறை வைத்துக் கடைக்குப் போகட்டும், விலை கேட்கட்டும், ஒருநாள் உப்புக் கூடிப்போகட்டும். மாத நடுவில் காசு தீர்ந்துபோனால் எப்படிச் சமாளிப்பது என்று அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். ருஷ்து அப்படித்தான் வரும். நமது பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது.

ஐந்தாவது: ஒரு பெரியவர், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், வாரம் இரண்டு தடவை போய் உட்கார்ந்து பேச வேண்டும். விசாரணை நடத்த வேண்டாம். அத்தா ஸ்தானத்தில் இருந்து, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, சம்பளம் சரியாக வந்ததா என்று கேட்டால் போதும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவும், வீட்டுக்காரரிடம் ஜாமீன் நிற்கவும், நாளை பெண் பார்க்கப் போகும்போது முன்னால் நடக்கவும் அவர் வேண்டும். அந்தப் பெரியவரைப் பற்றியே புகார் இருந்தால் பையன் போய்ச் சொல்ல இன்னொருவரும் வேண்டும்.

ஆறாவது: வேலை போய்விட்டது என்பதற்காகவோ, ஒரு தடவை தவறிவிட்டான் என்பதற்காகவோ ராத்திரியில் வெளியே தள்ளக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டுக்காரரோடும் எழுத்தில் ஒப்பந்தம், பையனோடும் எழுத்தில் ஒப்பந்தம்.

ஏழாவது: இது என் சக நிர்வாகிகளுக்கு. அந்த வீட்டில் இருப்பவன் நம் கொடியைத் தூக்க வேண்டும், நம் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே கூடாது. அவன் நன்றிக் கடனை நாம் அரசியலாக வசூலிக்கக் கூடாது. உதவி கொடுக்கும் போட்டோவை எடுத்துப் போடவும் கூடாது. அவன் நாளை நிக்காஹ் பேசப் போகும் இடத்தில் அந்தப் போட்டோ வந்து நிற்கும். தர்மத்தைச் சொல்லிக் காட்டி வீணாக்க வேண்டாம் என்று அல்லாஹ் எச்சரித்திருக்கிறான் (2:264).

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் முடித்தால் அது அநியாயம். பையனை வெளியே தள்ளுகிறோம். பெண்ணை அவசர அவசரமாக யாருக்காவது கட்டிக்கொடுத்து, "கடமை முடிந்தது" என்கிறோம். மாப்பிள்ளை யார், எப்படிப்பட்டவன், முன்பே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. அவள் அடிபட்டால் திரும்பி வரத் தாய்வீடு இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். திருமணம் நல்ல காரியம். ஆனால் போக்கிடம் இல்லாததற்கு அது மாற்று ஏற்பாடு அல்ல.

அவர்களுக்கும் தனி வீடு வேண்டும். பொறுப்பில் பெண்களே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. அதைப் பெற்று, முறையாக நடத்துங்கள். நர்ஸிங் படிக்கட்டும், தையல் தொழிலில் முதலாளியாகட்டும், பட்டதாரியாகட்டும். பிறகு அவள் சம்மதத்தோடு, அவளுக்குத் தகுந்த இடத்தில் மணம் முடிப்போம். கல்யாணத்துக்குப் பிறகும் பெருநாளைக்கு வந்து போக அந்த வீடு அவளுக்குத் தாய்வீடாக இருக்கட்டும்.

நாளைக் காலை

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் உள்ள யத்தீம்கானா நிர்வாகிகளை மரியாதையோடு சந்தியுங்கள். இந்த வருடமும் அடுத்த வருடமும் பதினெட்டு முடிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், பிற்காப்புக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். பதினெட்டு ஆன பிறகு ஓடுவதைவிட, பதினாறிலேயே ஆரம்பியுங்கள்.

வணிகர்களே! உங்கள் கடைப் பரண் மேல் இன்று இரவு யாராவது படுத்திருந்தால், வீட்டுக்குப் போகும் முன் அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உனக்கு யார் இருக்கிறார்கள்? உன் சம்பளம் என்னிடம் எவ்வளவு நிற்கிறது? இரண்டாவது கேள்விக்கு அவன் சொல்லும் தொகையை நாளைக் காலையிலேயே அவன் கணக்கில் போடுங்கள். முதல் கேள்விக்கு அவன் "யாரும் இல்லை" என்று சொன்னால், இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் நால்வரைக் கூட்டிக்கொண்டு ஒரு வீடு பாருங்கள்.

யத்தீமைப் பொறுப்பேற்றவர் சொர்க்கத்தில் தம்மோடு இரு விரல்கள்போல் நெருக்கமாக இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் விரல்களைக் காட்டிச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் அந்தப் பொறுப்பைச் சுமந்த சமுதாயம், கரை தெரியும் நேரத்தில் துடுப்பைக் கைவிடலாமா? இன்னும் இரண்டு, மூன்று வருடங்கள் இழுத்தால் கரை சேர்ந்துவிடும்.

சேர்ந்தவன் சும்மா இருக்க மாட்டான். நாளை அவனும் ஒரு கடை வைப்பான். அந்த இருபது கடைகள் இருபத்தொன்றாகும். அவன் போடும் ஐம்பது ரூபாயில் இன்னொரு பையன் இரவில் நிம்மதியாகப் படுப்பான்.

வல்ல அல்லாஹ் அந்த நாளை நம் கண்ணால் காணச் செய்வானாக! சொன்னதைச் செய்யும் கூட்டத்தில் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.